ஓர் அடி, பல வேகங்கள்: ரேடார் அளவையில் காலமும் அலைவெண்ணும்

1. கெடா தந்த இரண்டு எண்கள்

கெடா மாநிலத்தின் தலைநகரான அலோர் ஸ்டாரில் பிறந்த இருவர் பூப்பந்தாட்ட உலகின் வேகச் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். முதலாமவர் டான் பூன் ஹியோங். கூ கியென் கியெட்டுடன் இணைந்து 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற இவர், 2013ஆம் ஆண்டு நடைபெற்ற ஒரு சோதனையில் மணிக்கு 493 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை அடித்தார். அச்சாதனை ஏறத்தாழப் பத்தாண்டுகள் நிலைத்து நின்றது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், ஜப்பானின் சைத்தாமா மாநிலத்துச் சோகா நகரில், ஆந்திரத்தைச் சேர்ந்த சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து அதனைக் கடந்தார். அதே நாளில் அதே இடத்தில் பெண்களுக்கான சாதனையாக மணிக்கு 438 கிலோமீட்டரைப் பதிவு செய்தவர் பெர்லி டான். எம். தீனாவுடன் இணைந்து 2022ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற இவரும் அலோர் ஸ்டாரில் பிறந்தவரே.

கூலிம், பாலிங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களிலும் நகரங்களிலும் மாலை வேளையில் வலை கட்டிப் பூப்பந்து ஆடும் மாணவர்கள் இவ்வெண்களை நன்கு அறிவர். அவர்களுள் சிந்திக்கும் மாணவன் ஒருவன் ஆசிரியரிடம் ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். சுங்கைப் பட்டாணி வழியே ஓடும் இ.டி.எஸ். மின்தொடர்வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். அதனினும் மூன்றரை மடங்கு விரைவாக வரும் ஒரு பந்தை, சில மீட்டர் தொலைவில் நிற்கும் எதிராட்டக்காரர் எவ்வாறு திருப்பி அடிக்கிறார்?

இந்த ஐயத்திற்குரிய விடை, வேகம் என்பதை நாம் எவ்வாறு அளக்கிறோம் என்பதில் அடங்கியுள்ளது. பறக்கும் பொருளுக்கு ஒரே ஒரு வேகம் இல்லை. ஒவ்வொரு கணத்திலும் ஒரு வேகம் உண்டு. அக்கணங்களைத் தனித்தனியே பிரித்தறிய உதவும் முறையே காலம்–அலைவெண் பகுப்பாய்வு. பீரங்கிக் குண்டின் வேகத்தை ரேடாரால் அளப்பவர்களும் இதே முறையைக் கையாளுகின்றனர். எறிபொருள்களுள் இறகுப் பந்து தனித்தன்மை வாய்ந்தது; மிக விரைவாகத் தன் வேகத்தை இழப்பது. ஆதலால் இம்முறையின் தேவையை விளக்குவதற்கு அதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

2. காற்று வாங்கும் வரி

இறகுப் பந்தின் நிறை 4.74 கிராமுக்கும் 5.50 கிராமுக்கும் இடைப்பட்டது. தக்கையில் 16 இறகுகள் வட்டமாகச் செருகப்பட்டிருக்கும். இவ்வளவு இலேசான பொருள் இவ்வளவு அகன்ற பாவாடையுடன் பறக்கும்போது, காற்று அதனைப் பெரிதும் தடுக்கிறது. இத்தடையை இழுவிசை என்கிறோம். வேகம் இரு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும்.

உயரமான இடத்திலிருந்து ஓர் இறகுப் பந்தைக் கீழே விட்டால், நொடிக்கு ஏறத்தாழ 6.8 மீட்டர் என்னும் வேகத்தை எட்டியபின் அது மேலும் விரைவதில்லை. அந்நிலையில் இழுவிசையும் பந்தின் எடையும் சமமாகிவிடுகின்றன. இதனை முற்றுத் திசைவேகம் என்பர். மணிக்கு 493 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 137 மீட்டர். அதாவது முற்றுத் திசைவேகத்தைப் போல் 20 மடங்கு. எனவே மட்டையை விட்டுப் புறப்படும் கணத்தில் பந்தின்மீது செயற்படும் இழுவிசை, அதன் எடையைப் போல் ஏறத்தாழ 400 மடங்காகிறது.

இவ்விதியைத் தொடர்ந்து கணக்கிட்டால் ஓர் எளிய முடிவு கிடைக்கிறது. ஒவ்வொரு 3.3 மீட்டர் தொலைவிற்கும் பந்தின் வேகம் பாதியாகக் குறைகிறது. 493 என்று புறப்பட்ட பந்து 3.3 மீட்டரில் 247 ஆகவும், 6.6 மீட்டரில் 123 ஆகவும் தளர்கிறது. ஆடுகளத்தின் நீளம் 13.40 மீட்டர். அடித்தவருக்கும் எடுப்பவருக்கும் இடையே 10 மீட்டர் எனக் கொண்டால், பந்து கால் நொடியில் வந்து சேர்கிறது. வரும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 59 கிலோமீட்டர். அக்கால் நொடியின் சராசரி வேகம் மணிக்கு 142 கிலோமீட்டர்.

ஆக, ஒரே அடிக்கு 493, 142, 59 என மூன்று எண்கள் கிடைக்கின்றன. மூன்றும் சரியானவையே. எக்கணத்தைப் பற்றியது என்று சொல்லாதவரை மூன்றும் முழுமையற்றவை. மாணவனின் ஐயத்திற்கு முதற்பகுதி விடை இதுவே: எதிராட்டக்காரர் சந்திப்பது 493ஐ அன்று, 59ஐ. எனினும் அவருக்குக் கிடைப்பது கால் நொடி மட்டுமே என்பதால் அவருடைய திறமை சிறிதும் குறைந்ததாகாது.

3. ரேடார் கேட்கும் சீழ்க்கை

இம்மாறும் வேகத்தை ரேடார் எவ்வாறு அறிகிறது? 1842ஆம் ஆண்டு கிறிஸ்தியான் டாப்ளர் ஒரு கருத்தை வெளியிட்டார். அலையை எழுப்பும் பொருள் நம்மை நெருங்கி வந்தால் அலைவெண் உயர்ந்தும், விலகிச் சென்றால் தாழ்ந்தும் நமக்குப் புலப்படும் என்றார். 1845ஆம் ஆண்டு பய்ஸ் பலோட் என்னும் நெதர்லாந்து அறிஞர், எக்காளம் ஊதுவோரைத் தொடர்வண்டியில் ஏற்றிச் சென்று, இசைச்செவி உடையோரைத் தண்டவாளத்தின் அருகே நிறுத்தி இதனை மெய்ப்பித்தார். அலைவெண் என்பது ஒரு நொடியில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கை. அதன் அலகு ஹெர்ட்ஸ்.

எடுப்பவருக்குப் பின்னால், அடிப்பவரை நோக்கி ஒரு சிறு ரேடாரை வைப்பதாகக் கொள்வோம். அது 10.5 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இடைவிடாது நுண்ணலையைச் செலுத்துகிறது. அவ்வலையின் நீளம் 2.85 சென்டிமீட்டர். பந்து நொடிக்கு 1 மீட்டர் வீதம் நெருங்கி வந்தால், அலை போய்த் திரும்பும் பாதை நொடிக்கு 2 மீட்டர் குறையும். 200 சென்டிமீட்டரை 2.85ஆல் வகுத்தால் 70. எனவே திரும்பி வரும் அலையில் நொடிக்கு 70 அலைவுகள் கூடுதலாக இருக்கும். நொடிக்கு 1 மீட்டர் என்றால் 70 ஹெர்ட்ஸ். இதுவே இக்கருவியின் வாய்பாடு.

பத்து கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலையில் 70 ஹெர்ட்ஸ் வேறுபாட்டை நேரடியாகக் காண்பது கடினம். ஆனால் செலுத்திய அலையையும் திரும்பிய அலையையும் ஒன்றாகக் கலந்தால் அவற்றின் வேறுபாடு மட்டும் தனியே ஒலிக்கும். தம்புராவின் இரு தந்திகள் சற்றே சுருதி பிசகி நிற்கும்போது எழும் ஏற்றத்தாழ்வை இசைப்பயிற்சி உடையோர் அறிவர். இயற்பியல் அதனை விம்மல் என்று வழங்கும். ரேடாருக்குள் நிகழ்வதும் அதுவே.

ரேடார் அலையிலிருந்து இவ்வாறு பெறப்படும் விம்மல், மனிதச் செவி கேட்கும் எல்லைக்குள் விழுகிறது. டான் பூன் ஹியோங்கின் அடியை இவ்வாய்பாட்டால் மதிப்பிட்டால், அது 9,600 ஹெர்ட்ஸ் என்னும் கூரிய சீழ்க்கையாகத் தொடங்கும். 34 மில்லிநொடிகளில் 4,800 ஆகும். கால் நொடி முடியும்போது 1,150க்கு இறங்கியிருக்கும். ஒலிபெருக்கியில் கேட்டால் மேலிருந்து கீழே வழுக்கி விழும் ஒரு குறுஞ்சீழ்க்கையாக இருக்கும். பந்தின் பறத்தல் முழுவதும் அவ்வொலியில் எழுதப்பட்டுள்ளது. அதைப் படிப்பதுதான் நமது பணி.

4. பட்டியலும் சுரக்குறிப்பும்

எந்த அலையையும் பல எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்னும் வழியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியர் 1822ஆம் ஆண்டு வெளியிட்ட வெப்பவியல் நூலில் விரித்துரைத்தார். ஃபூரியர் பகுப்பை அந்தக் கால் நொடி ஒலி முழுவதற்கும் ஒரே முறையில் பயன்படுத்தினால் என்ன கிடைக்கும்? 1,150 முதல் 9,600 ஹெர்ட்ஸ் வரையுள்ள எல்லா அலைவெண்களும் இருப்பதாக விடை வரும். எது முதலில் வந்தது, எது பின்னர் வந்தது என்பது அவ்விடையில் வெளிப்படாது.

இசையிலிருந்து ஓர் ஒப்புமை கூறலாம். ஒரு கீர்த்தனையில் எந்தெந்தச் சுரம் எத்தனை முறை வந்தது என்று எண்ணி ஒரு பட்டியல் தயாரிக்கலாம். அப்பட்டியலில் பிழை இராது. ஆனால் அதனைப் பார்த்து எவராலும் அக்கீர்த்தனையைப் பாட இயலாது. பாடுவதற்கு எந்தச் சுரம் தாளத்தின் எந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் சுரதாளக் குறிப்பு வேண்டும். முழுமைக்கும் செய்த ஃபூரியர் பகுப்பு அப்பட்டியலைப் போன்றது. காலம்–அலைவெண் பகுப்பு சுரதாளக் குறிப்பைப் போன்றது.

அக்குறிப்பை எழுதும் முறை எளியது. ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்குகிறோம். ஒவ்வொரு துண்டையும் சாளரம் என்கிறோம். அதன் வழியே தெரியும் பகுதியை மட்டும் ஃபூரியர் பகுப்புக்கு உட்படுத்துகிறோம். பின்னர்ச் சாளரத்தைச் சற்றே நகர்த்தி, மீண்டும் பகுக்கிறோம். கிடைத்த விடைகளை இடமிருந்து வலமாகக் காலம், கீழிருந்து மேலாக அலைவெண் என ஒரு தாளில் அடுக்கினால், ஒலியின் வலிமைக்கேற்பக் கருமையும் வெளிறலும் கொண்ட ஒரு படம் உருவாகும். அதில் இறகுப் பந்து, இடப்பக்க உச்சியிலிருந்து சரிந்து, போகப்போகச் சாய்வு தணியும் ஒரு கோடாகத் தோன்றும்.

மொழி பயில்வோர்க்கு இப்படத்தின் வரலாறு சுவை தருவதாகும். இத்தகைய படம் வரையும் ஒலிநிழல் கருவி ஒன்றை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கோனிக், டன், லேசி ஆகியோர் 1946ஆம் ஆண்டு அறிவித்தனர். அவர்கள் அதனைக் கையாண்ட முதன்மைத் துறை மனிதப் பேச்சு. 1999ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் சிறீகாந்த் நாராயணன், டேனி பெர்ட், அபிகேல் கான் ஆகியோர் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஒலிகளின் நாவசைவையும் ஒலியியல்பையும் ஆராய்ந்தனர். நாவின் அசைவும் பந்தின் பறத்தலும் காலத்தோடு மாறும் அலைவெண்களையே விட்டுச் செல்கின்றன. ஆதலால் இரண்டிற்கும் ஒரே கருவி பயன்படுகிறது.

5. சாளரத்தின் விலை

சாளரம் எத்தனை நீளம் இருக்கவேண்டும்? இவ்வினாவே இப்பொருளின் உயிர்நாடி. அலைவெண்ணை அறிய அலைகளை எண்ணவேண்டும். எண்ணுவதற்கு நேரம் வேண்டும். எத்தனை நேரம் எண்ணுகிறோமோ அதற்கேற்பவே விடையின் நுண்மை அமையும். 10 மில்லிநொடிச் சாளரம் 100 ஹெர்ட்ஸ் வேறுபாட்டைப் பிரித்தறியும். 1 மில்லிநொடிச் சாளரம் 1,000 ஹெர்ட்ஸ் வேறுபாட்டை மட்டுமே பிரித்தறியும். காலத்தில் நுண்மை கூடினால் அலைவெண்ணில் நுண்மை குறையும். இக்கொடுக்கல் வாங்கலைச் செய்தித்தொடர்பியலின் அடிப்படையாக நிறுவிக் காட்டியவர் டென்னிஸ் காபர். அவர்தம் கட்டுரை வெளிவந்ததும் 1946ஆம் ஆண்டிலேயே. முப்பரிமாணப் படமாகிய ஹோலோகிராபிக்காக 1971ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவரும் இவரே.

நம் பந்துக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். 10 மில்லிநொடிச் சாளரத்தின் நுண்மை மணிக்கு 5 கிலோமீட்டர், மிக நன்று. ஆனால் அந்த 10 மில்லிநொடிக்குள் பந்தின் வேகம் 493இலிருந்து 382க்கு இறங்கிவிடுகிறது. எனவே படத்தில் கோடு தடித்த பட்டையாக மங்கிவிடும். 1 மில்லிநொடிச் சாளரத்தில் வேகம் 14 கிலோமீட்டர்தான் இறங்கும். ஆனால் அச்சாளரத்தின் நுண்மை மணிக்கு 51 கிலோமீட்டர். கோடு மறுபடியும் மங்கும். இரு குறைகளும் ஏறத்தாழச் சமமாகும் இடம் 1.9 மில்லிநொடி. அங்கும் கோட்டின் தடிப்பு மணிக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர்.

விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் இவ்வெல்லை நீங்காது. ஒளிப்படக் கருவியால் அளந்தாலும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். இரு படங்களுக்கு இடையே பந்து கடந்த தொலைவை இடைப்பட்ட நேரத்தால் வகுப்பதும் ஒரு சராசரியே. 493 என்று புறப்பட்ட பந்தின் முதல் 10 மில்லிநொடிச் சராசரி 433தான். வேறுபாடு 60 கிலோமீட்டர். டான் பூன் ஹியோங்கின் எண்ணுக்கும் சாத்விக்கின் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு 72 கிலோமீட்டர் என்பதை இங்கு ஒப்பு நோக்க வேண்டும். அளக்கும் கால அளவை மாற்றினாலே சாதனை வேறுபாட்டின் பெரும்பகுதி அளவுக்கு எண் மாறிவிடுகிறது. எனவே இரு வேகங்களை ஒப்பிடுமுன் அவை ஒரே முறையில், ஒரே கால அளவில் பெறப்பட்டவையா என்று கேட்பது அறிவியலின் கடமை.

இவ்வெல்லைக்குள் நின்றே நல்ல விடை பெற ஒரு வழி உண்டு. கோட்டின் ஒரு புள்ளியை மட்டும் நம்பாமல் முழுக் கோட்டையும் பயன்படுத்துவது அவ்வழி. இழுவிசை விதி இக்கோடு எவ்வடிவில் வளையவேண்டும் என்று முன்னரே சொல்கிறது. அவ்வளைவைப் படத்திலுள்ள கோட்டின்மேல் பொருத்தி, பின்னோக்கி நீட்டினால், மட்டையைத் தொட்ட கணத்தின் வேகம் கிடைக்கும். பீரங்கியின் வாயை விட்டுக் குண்டு வெளிப்படும் வேகத்தை ரேடார் இவ்வாறே கணிக்கிறது. 1742ஆம் ஆண்டு பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர், தொங்கும் மரக்கட்டையில் குண்டைப் பாயச்செய்து, கட்டை ஊசலாடிய அளவைக் கொண்டு வேகத்தைக் கண்டார். அம்முறை ஒரு குண்டுக்கு ஓர் எண்ணையே தரும். காற்றின் தடையை அறிய அவர் ஊசலைப் பல தொலைவுகளில் வைத்து மீண்டும் மீண்டும் சுட வேண்டியிருந்தது. ரேடாரோ ஒரே பறத்தலில் முழு வளைவையும் தருகிறது.

6. கோட்டில் மறைந்துள்ள பிற செய்திகள்

அடிபடும் கணத்தில் பந்தின் தக்கை அடித்தவரை நோக்கி இருக்கிறது. அடிபட்டவுடன் பந்து தலைகீழாகத் திரும்பி, சிலமுறை அசைந்தாடி, பின்னரே தக்கை முன்னோக்கிய நிலையில் சீராகப் பறக்கிறது. இவ்வசைவு படத்தில் கோட்டின் தொடக்கத்தில் சிறு நெளிவாகவும் பட்டையாகவும் தெரியும். இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாக அமைந்திருப்பதால் பந்து தன் அச்சில் சுழலவும் செய்யும். அச்சுழற்சி முதன்மைக் கோட்டின் இருபுறமும் மெல்லிய துணைக்கோடுகளை எழுப்பக்கூடும். எனவே மேலே கூறிய எளிய விதி தொடக்க மில்லிநொடிகளில் முற்றும் பொருந்தாது. நாம் கண்ட எண்களை நல்ல மதிப்பீடுகளாகவே கொள்ளவேண்டும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ரேடார் தன்னை நோக்கி வரும் வேகப் பகுதியை மட்டுமே அறியும். பந்து 20 பாகை விலகிய திசையில் சென்றால் 493 என்பது 463 ஆகத் தெரியும். கருவி எங்கே நின்றது என்பதும் எண்ணின் ஒரு பகுதியே.

7. பள்ளித் திடலில் ஒரு சோதனை

இப்பாடத்தைக் கற்பிக்க ரேடார் தேவையில்லை. ஒரு மிதிவண்டியும் இரண்டு கைப்பேசிகளும் போதும். ஒரு கைப்பேசியை 3,000 ஹெர்ட்ஸ் ஒலியை இடைவிடாது எழுப்பச் செய்து மிதிவண்டியில் பொருத்துக. மாணவர் ஒருவர் திடலில் நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் செல்லட்டும். பாதையருகே நிற்கும் மற்றொருவர் தம் கைப்பேசியில் அவ்வொலியைப் பதிவு செய்யட்டும். நம் நாட்டு வெப்பநிலையில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 347 மீட்டர். நெருங்கும்போது 3,044 ஹெர்ட்ஸும், விலகும்போது 2,957 ஹெர்ட்ஸும் பதிவாகும். இரண்டின் வேறுபாடு 87, கூட்டுத்தொகை 6,001. வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்து 347ஆல் பெருக்கினால் 5 கிடைக்கும். அதுவே மிதிவண்டியின் வேகம்.

பதிவை ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து, காலம்–அலைவெண் படமாகக் காணலாம். நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட பதிவில் சாளர அளவை முதலில் 512 மாதிரிகளாக வைக்கவும். நுண்மை 86 ஹெர்ட்ஸாகவே இருப்பதால் நாம் தேடும் 87 ஹெர்ட்ஸ் இறக்கம் மங்கலாகத் தெரியும். 4,096 ஆக உயர்த்தினால் நுண்மை 11 ஹெர்ட்ஸாகி, இறக்கம் தெளிவாகும். 32,768 ஆக்கினால் சாளரம் முக்கால் நொடியை விழுங்கும். அதற்குள் மிதிவண்டி 3.7 மீட்டர் கடந்துவிடும். ஆகவே அது நம்மைக் கடந்து சென்ற கணம் எது என்பது மங்கிவிடும். காபர் சமன்பாட்டால் காட்டிய கொடுக்கல் வாங்கலை மாணவர் மூன்று சொடுக்குகளில் கண்ணால் காண்பர்.

சோதனை முடிந்தபின் ஆசிரியர் மாணவரிடம் நாளிதழில் வந்த ஏதேனும் ஒரு வேக எண்ணைக் கொடுத்து, மூன்று வினாக்களை எழுதச் சொல்லலாம். இது எக்கணத்து வேகம்? எத்தனை நேரத்தின் சராசரி? கருவி எங்கிருந்து பார்த்தது? பந்தின் வேகத்தில் கேட்கப் பழகிய இவ்வினாக்கள், மழையளவு, தேர்ச்சி விழுக்காடு, விலைவாசி என நாளும் நம்முன் வைக்கப்படும் எல்லா எண்களிடத்தும் கேட்கத்தக்கவை. அலோர் ஸ்டாரில் பிறந்த இருவர் அடித்த இரண்டு அடிகளை வைத்தே கெடா மாணவர் அப்பயிற்சியைத் தொடங்கலாம்.